காலரில் நான்கு நொடி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் மாமா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு. இடுப்பு வலிக்கு டாக்டர் கொடுத்த பெல்ட்டைக் கட்டச் சொன்னால், கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று மல்யுத்தக்காரர் மாதிரி பார்க்கிறார். லாரி ஓட்டப் போகாமல் ஐந்து மாதம் ஆகிறது. சின்னவள் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறாள், புத்தகம் திறந்துதான் இருக்கிறது. உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் எதுவும் பேச வேண்டாம், கடிதம் போடு என்று நீ சொன்னதிலிருந்து போன் அடித்தாலே எடுக்க யோசிக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து புத்தகம் படிப்பதற்கு எதற்குடா இத்தனை ஒளிவுமறைவு? கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறாய், சம்பளம் வருகிறது, அதோடு இருக்கக்கூடாதா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். அதனால் கேட்கவில்லை.

நான் கம்பெனியில் என்னதான் செய்கிறேன் என்று விசாரித்திருந்தாய். பன்னிரண்டு வருஷத்தில் இப்போதுதான் உனக்குக் கேட்கத் தோன்றியது. போகட்டும், சொல்கிறேன். முதல் ஒன்பது வருஷம் மெஷினில் சட்டைக்குக் காலர் வைத்தேன். மூன்று வருஷமாகக் கையில் ஸ்டாப்வாட்ச். காலர் லைனில் பதினாறு பெண்கள், தைக்கிறவளின் தோளுக்குப் பின்னால் போய் நிற்பேன். அவள் துணியை எடுக்கும்போது அமுக்குவேன், தைத்து வைக்கும்போது நிறுத்துவேன். இப்படிப் பத்துத் தடவை. மிக வேகமானதையும் மிக மெதுவானதையும் அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி பார்ப்பேன். காலர் வைக்க நாற்பத்தாறு நொடி என்று வந்தால் மணிக்கு எழுபத்தெட்டுச் சட்டை. அதைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். எழுதிய பிறகு அந்த எண்ணை யாரும் தொட முடியாது, நானும்தான்.

மற்றபடி சொல்ல என்ன இருக்கிறது. காலையில் வாசலில் ஆள் எண்ணும் சூப்பர்வைசர் "இன்னைக்கு மூணு கை குறையுது" என்பார். ஆள் என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பழகிவிட்டது.

ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொள். பனி உனக்கு ஆகாது.

அக்கா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, நடுவில் கொஞ்சம் விசில் அடிக்கிறது. மாமாவின் இடுப்பை நான் தனியாக விசாரித்ததாகச் சொல். சின்னவளிடம் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் போதாது, ஓரிரண்டு பக்கம் புரட்டவும் வேண்டும் என்று மாமன் சொன்னதாகச் சொல்.

சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் வாசிப்பு அறை. எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஒருவர் ஒரே செய்தித்தாளை இரண்டு மணி நேரம் படிக்கிறார். அதுவும் ஒரே பக்கத்தை. நாங்கள் சிரித்துக்கொள்கிறோம். சிரித்துவிட்டு விளக்கை அணைத்து ஒவ்வொருவராக இறங்கிப் போகிறோம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் வகுப்பில் ஒரு மாதம் தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பதை நீ ஒரு பத்தியில் எழுதிவிட்டாய். கம்பெனி உங்களிடமிருந்து சட்டையை வாங்கவில்லை அக்கா. உங்களுடைய ஒரு நாளை வாங்குகிறது. நாளுக்குத்தான் விலை பேசியிருக்கிறது. அந்த நாளுக்குள் எவ்வளவு பிழிந்துகொள்ளலாம் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் சண்டை எல்லாம். நீ கையெழுத்துப் போட்டுத்தானே வேலைக்குச் சேர்ந்தாய் என்பார்கள். போடாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கமாட்டார்கள். பட்டினி கிடக்கவும் சுதந்திரம், கையெழுத்துப் போடவும் சுதந்திரம்.

இன்னொன்று. கடையில் தொங்கும் சட்டையில் விலைச் சீட்டு இருக்கும். தைத்தவளின் இடுப்பு வலி இருக்காது. மனிதர்களுக்கு நடுவே நடப்பதெல்லாம் பொருள்களுக்கு நடுவே நடப்பது போல நமக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இந்தச் சட்டை மலிவு, அந்தச் சட்டை விலை அதிகம், அவ்வளவுதான் கண்ணில் படும். உன் பலகையில் இருக்கும் எழுபத்தெட்டும் அப்படித்தான். வானத்திலிருந்து விழுந்த எண் மாதிரி நிற்கிறது. பதினாறு பெண்களின் முதுகிலிருந்து நீ எடுத்து எழுதியது அது.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல். உன் கையில் இருக்கும் வாட்ச் யார் பக்கம்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். சின்னவளுக்குச் சளி பிடித்து விட்டது. உன் மாமா பெல்ட் இல்லாமல் தெருமுனை வரை போய், பெல்ட் இல்லாமல் திரும்பி வர முடியாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

உன் கேள்வியைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று இருந்தது. யார் பக்கமாம். என்னை என்ன கங்காணி என்று நினைத்தாயா? ஒன்பது வருஷம் அந்த மெஷினில் உட்கார்ந்தவள் நான். உன் மேல்மாடியில் யாராவது ஒருத்தர் ஒரு காலர் வைத்திருக்கிறீர்களா? பெரிய தத்துவம்.

ஆத்திரத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் அளக்கப் போய் நின்றால், மெஷினில் இருப்பவள் காலரை ஊசிக்கு அடியில் தள்ளுவதற்கு முன் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். தூளியில் கிடக்கிற பிள்ளையைத் தட்டிவிடுகிற மாதிரி, அத்தனை மெதுவாக. அதற்கு நான்கு நொடி. அந்தத் தடவல் தேவையே இல்லை, துணியை நேராகப் பிடிக்க மெஷினிலேயே தகடு இருக்கிறது. பதினாறு பேரும் தடவுவார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் ஒருத்தியும் தடவமாட்டாள்.

நாற்பத்திரண்டு நொடி வேலை நாற்பத்தாறாகப் பலகையில் ஏறுவது அப்படித்தான். சட்டைக்கு நான்கு நொடி என்றால் மணிக்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள், இடுப்பை நிமிர்த்துகிறார்கள், மாசமாக இருப்பவள் இரண்டு தடவை பாத்ரூம் போகிறாள். நான் மெஷினில் இருந்தபோது நானும் தடவினேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் பக்கத்து மெஷின் நெட்டச்சி, உட்கார்ந்தாலும் எங்களைவிட ஒரு தலை உயரம் அவள். வாட்ச் என் கைக்கு வந்த முதல் நாள் அவள் பின்னால்தான் போய் நின்றேன். ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். பிறகு தடவினாள். நான் எழுதிக்கொண்டேன். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதை உன் மாமாவிடம்கூட நான் சொன்னதில்லை. படித்ததும் எரித்துவிடு. எரித்தேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவளின் சளி விட்டதா? மாமாவை ஆட்டோக்காரரிடம் மாதச் சந்தா கட்டச் சொல்.

கங்காணி என்று நினைக்கவில்லை. மன்னித்துக்கொள். உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாங்கள் வருஷக்கணக்காகப் புத்தகத்தில் தேடியது உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. தன் உழைப்பே தனக்கு அந்நியமாகி எதிரே வந்து நின்று அதட்டும்போது மனிதர் என்ன செய்வார் என்பதுதான் எங்கள் கேள்வி. கொடி பிடிப்பார், கல்லெறிவார், ஓடிப்போவார் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். காலரைத் தடவுவார் என்று ஒருவரும் எழுதவில்லை. கூட்டமில்லை, தலைவரில்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. நாளில் இத்தனை நொடி எங்களுடையது என்று பதினாறு பெண்கள் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது அக்கா, சும்மா சொல்லவில்லை.

எரித்துவிட்டேன். கவலைப்படாதே.

நானும் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் காணோம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அந்தச் செய்தித்தாள் ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா? எங்களுக்கெல்லாம் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை.

திங்கட்கிழமை கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். புது ஆட்கள். பட்டன் பக்கம் போகவில்லை, கைப்பட்டி பக்கம் போகவில்லை, நேராகக் காலர் வரிசைக்கு வந்து நின்றார்கள். முகத்தை எடுக்கவில்லை. குனிந்து குனிந்து கையை மட்டும் எடுத்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் வந்து, "காலரை உள்ளங்கையால தடவுற வேலை ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"துணியைப் பொறுத்து சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போது லேசாகச் சிரித்தார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள் தம்பி. பதினாறு பேருக்குள் ஒருத்தி. அன்றிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். ஆறு மாதம் முன்னால் சேர்ந்தாளே ஒரு புதுப்பெண், அவளாக இருக்குமோ? சம்பளம் உயர்த்தித் தரச் சொல்லி மேலாளர் அறைக்குப் போய்வந்தாளே ஒருத்தி, அவளோ? நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்களை இப்படி நினைக்கிறோமே என்று எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அவர்களும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

இனிமேல் நான் வந்து நின்றால் தடவ வேண்டாம் என்று ஒவ்வொருத்தியிடமும் பாத்ரூமில் வைத்து மெதுவாகச் சொன்னேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னோம். சொன்ன பிறகுதான் பயம் அதிகமாகிவிட்டது. நொடிக்கணக்கு எழுதிய என் அட்டைகள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. கணக்குத் தெரிந்தவன் ஒருவன் அதைப் புரட்டினால் போதும். வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்க்கிறேன்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூச்சிரைப்பு கொஞ்சம் அதிகமாகி நான்கு நாள் படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை. மாமாவுக்கு இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், தினமும் இரண்டு வேளை. தரையில் படுக்க வேண்டாம். உனக்கும் ரத்த அழுத்தம் பார்த்து நாளாகியிருக்கும், பார்த்துக்கொள். சின்னவள் பரீட்சை முடிந்திருக்குமே, எப்படி எழுதினாளாம்?

இங்கே வெயில் அதிகம். கல்லூரி விடுமுறை.

கம்பெனி விஷயத்தில் நீ அவசரப்பட்டு யாரையும் சந்தேகப்பட வேண்டாம். யாரும் சொல்லாமலேகூடத் தெரிந்திருக்கலாம். அவர்கள் அந்தத் தாளைப் பற்றி ஏதாவது பேசினார்களா? உன் பெயர் அடிபட்டதா? என்னுடைய பழைய கடிதங்களை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கிழித்துப் போட்டால் போதாது, எரித்துவிடு.

தைரியமாக இரு.

உன் தம்பி

*

மே 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

நெட்டச்சியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

கேமராக்காரர்கள் திரும்ப வந்தார்கள். மேலாளரும் வந்தார். என்னை வாட்ச் எடுத்துவரச் சொல்லி, "வழக்கம்போல அளங்க" என்றார். ஒவ்வொருத்தி பின்னாலும் போய் நின்றேன். ஒருத்தியும் தடவவில்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று. ஒன்பதாவது மெஷின் நெட்டச்சி. நான்கு காலர் ஒழுங்காக வைத்தாள். ஐந்தாவது காலரை எடுத்ததும் அவள் கை தானாகப் போய்த் தடவியது. பதினைந்து வருஷப் பழக்கம் தம்பி, முதுகுக்குப் பின்னால் வாட்ச் நின்றால் தடவும் கை அது. தடவிவிட்டுத் தீயைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

அறைக்கு அழைத்துப்போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். போன மாதம் அவள் சும்மா தைக்கும்போது எடுத்த படத்தையும் அன்றைக்கு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு மேலாளர் ஒரு பத்திரிகையை எடுத்து மேஜையில் போட்டார். மெல்லிசான பத்திரிகை, அட்டையில் படம்கூட இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். ஊர் பெயர் இல்லை, கம்பெனி பெயர் இல்லை. ஆனால் பதினாறு பெண்கள், நாற்பத்தாறு நொடி, எழுபத்தெட்டுச் சட்டை எல்லாம் இருந்தது. "தூளியில் கிடக்கும் பிள்ளையைத் தட்டுவது போல் ஒரு தடவல்" என்று படித்தார்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். எல்லோரும் எனக்குக் களைப்பு என்று நினைத்தார்கள்.

நேரம் அளப்பவரைப் பற்றியும் அதில் இருந்தது. ஆம்பளையாம். கையில் கடிகாரம் இருப்பதாலேயே தனக்கு நேரம் தெரியும் என்று நம்புகிற மூடனாம். பெண்கள் அவன் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்களாம். படித்து முடித்து மேலாளர் என் பக்கம் திரும்பினார். பரிதாபமாகப் பார்த்தார். என்னையும் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். நெட்டச்சியை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பலகையில் எண்பத்தைந்து என்று என்னையே எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

உன் கடிதத்தில் 'அந்தத் தாள்' என்று எழுதியிருந்தாய். நான் எந்தத் தாளைப் பற்றியும் உனக்கு எழுதவில்லை.

நீதானா? ஆமா, இல்லை, ரெண்டில் ஒன்று எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 3

அக்காவுக்கு,

ஆமா.

வேறெதுவும் எழுத வேண்டாம் என்றாய். இருபது நாள் முயன்றேன், அந்த ஒரு சொல்லை மட்டும் உறையில் போட்டு அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. திட்டிக்கொண்டாவது படி.

கடிதத்தை எரித்தது உண்மை. எரிப்பதற்கு முன் அந்தப் பத்தியை நோட்டில் எழுதிக்கொண்டதும் உண்மை. நாற்பது பேர் படிக்கிற பத்திரிகை அது, அந்த நாற்பது பேரையும் எனக்கு முகம் தெரியும். நாற்பத்தோராவது ஆள் இருப்பான், எங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துக் கம்பெனிகளுக்குக் கைமாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் ஒருவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்க்கடையில் அவனைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும் தோன்றவில்லை.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அளப்பவரை ஆணாக்கினேன், மூடனாக்கினேன். எண்களை மாற்றியிருக்கலாம். மாற்றினால் உண்மையின் எடை குறைந்துவிடும் என்று பட்டது. அந்த எடையை நெட்டச்சி தலையில் இறக்கி வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் நீ எழுதியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். வியாதி என்று சொன்னது பொய். நான் பயந்துவிட்டேன். வேலை போகும், மாடிக்கு ஆள் வரும் என்பதெல்லாம் அப்புறம். நீ என்ன நினைப்பாய் என்பதற்குத்தான் முதலில் பயந்தேன்.

கம்பெனிக்கு நானே எழுதிவிடுகிறேன். எல்லாம் என் கற்பனை, அந்தப் பெண்களை எனக்குத் தெரியாது என்று. என் பெயர், விலாசம் போட்டே எழுதுகிறேன். சரி என்று மட்டும் சொல்.

உன் தம்பி

*

ஜூன் 20

தம்பிக்கு,

கம்பெனிக்கு எழுதாதே. எழுதினால் இவன் யார், யாருடைய தம்பி என்று பார்ப்பார்கள். ஒருத்தி போனது போதாது என்று என்னையும் அனுப்பிவிடாதே. மாத்திரை வாங்குகிற வீடு இது.

நானும் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். மேலாளர் என்னைக் கேட்டது இதுதான். "மூணு வருஷமா இவங்க உங்களையே ஏமாத்திட்டு இருந்திருக்காங்கம்மா. உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" நெட்டச்சி எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நான் "தெரியாது சார்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு மன்னிப்புக்கூடக் கிடைத்திருக்கும். உன்னை மூன்று வாரம் தூங்கவிடாதது எதுவோ, என்னை அதைவிட அதிகமாகவே விடவில்லை.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கடைக்காரர்களிடம் சட்டை வாங்கி வந்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். ஒற்றை அறை, அதற்குள் அந்தச் சூடு. வலது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொல்லிவிட்டேன். "எழுதினது என் தம்பி. அவனுக்குச் சொன்னது நான். அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னதும் நான்தான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "அந்தப் பேப்பர் இருக்கா?" என்றாள். ஆபீஸ் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துவைத்திருந்தேன். "படி, கேப்போம்" என்றாள்.

முழுசாகப் படித்தேன். நடுவில் சில வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள், தெரிந்ததைச் சொன்னேன். விலைச் சீட்டில் இடுப்பு வலி இருக்காது என்ற இடத்தில், மேஜையில் இருந்த ஒரு சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம லைன்ல வச்சதுதான்" என்றாள். கடைசி வரி வரை கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான் உன் தம்பி. சொல்றதெல்லாம் நியாயம்தான். ஆனா இதுல நான் எங்க இருக்கேன்? என் கை மட்டும்தான் இருக்கு. அங்கேயும் கை, இங்கேயும் கையா?"

உனக்குப் பதில் வருகிறதா என்று பார்.

மேலாளரிடம் போய் எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். நெட்டச்சிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "சொல்லி? நீயும் வீட்ல உக்காருவ. வாட்ச் எவன் கைக்குப் போகும்? அதுக்காகத்தான் அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. உன் மூஞ்சிக்காகன்னு நெனச்சியா? போ. போய் அந்த மூடனாவே இரு."

மறுநாள் லைனில் பதினைந்து பேரிடமும் சொல்லிவிட்டேன், காட்டிக்கொடுத்தது உங்களில் யாரும் இல்லை, என் வீடுதான் என்று. பன்னிரண்டு நாளாக ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. அதில் யாராவது ஒருத்தி மேலே போய்ச் சொன்னால் என் கதை முடிந்தது. தினமும் அதை நினைத்துக்கொண்டுதான் வாசல்படி ஏறுகிறேன்.

அக்கா

*

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

நெட்டச்சி கேட்டதை மாடியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சட்டையில் தைத்தவள் தெரியவில்லை என்று எழுதினேன். என் கட்டுரையில் நீயும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை. உன் வாக்கியத்தை எடுத்து என் பெயரின் கீழே போட்டேன். கம்பெனி செய்வதற்கும் நான் செய்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்கிறேன், என்னிடம் வாட்ச் இல்லை.

நானே வந்து நெட்டச்சியின் கதவைத் தட்டலாம் என்றுதான் பஸ் நிலையம் வரை போனேன். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அவள் வீட்டை நானே காட்டிக்கொடுத்ததாகும் என்று திரும்பிவிட்டேன். பயத்தில் திரும்பினேனா, யோசித்துத் திரும்பினேனா என்று எனக்கே தெரியவில்லை.

லைனில் பேச ஆரம்பித்தார்களா? யாராவது மேலே சொன்னார்களா? எண்பத்தைந்து முடிகிறதா? மாசமாக இருந்தவள் என்ன செய்கிறாள்? ஒரு வரியாவது எழுது. ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கிறேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இங்கே சுகம்தான். உன் மாமா பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக நடக்கிறார், அடுத்த மாதம் வண்டி எடுப்பாராம். சின்னவள் பரீட்சையில் தேறிவிட்டாள், மாமன் என்ன வாங்கித் தருவார் என்று கேட்கிறாள். நெட்டச்சிக்குக் கைவீக்கம் இறங்கியிருக்கிறது. பக்கத்துத் தெருத் தையல்கடையில் சேர்ந்துவிட்டாள். வாரம் ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன். நன்றாகத் திட்டுகிறாள், டீயும் கொடுக்கிறாள்.

மாசமாக இருந்தவள் வேலையை விட்டுவிட்டாள். அதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

போன வாரம் புது மாதிரிச் சட்டை வந்தது. அளக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் கேமரா, ஒரு பக்கம் மேலாளர், நடுவில் நான். வாட்ச் வியர்வையில் வழுக்கியது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன். முதல் மெஷினில் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்துத் தடவை அளந்தேன். அடுத்தவள், அதற்கு அடுத்தவள். யாருடைய கையும் எங்கேயும் தடவவில்லை. மேலாளர் அட்டையை வாங்கிக் கேமராவில் பார்த்ததோடு ஒத்துப் பார்த்தார். "கரெக்டா இருக்கு" என்றார். பலகையில் எண்ணை எழுதினேன். சாயங்காலம் நான் பை எடுக்கப் போனபோது, என் தண்ணீர் பாட்டிலை யாரோ நிரப்பி வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் யாராவது ஒருத்தி நிரப்பி வைப்பாள், இரண்டு மாதமாகக் காலியாகவே கிடந்த பாட்டில் அது.

அந்த எண் என்ன, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பாய். உனக்குக் கேட்காமல் இருக்க முடியாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கேட்காதே. நீ என் தம்பி, உனக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அன்றைக்கே கிளம்பி வருவேன். ஆனால் இதைச் சொல்லமாட்டேன்.

மூச்சிரைப்புக்கு மருந்தை நிறுத்தாதே. இனி என் கடிதங்களில் உடம்பு விசாரிப்பு மட்டும்தான் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டு நீ எரிக்க வேண்டியதில்லை.

அக்கா